நான்கு ஆவர்த்தனம்

மறுபடியும் அதையே வாசித்துவிட்டாள்.

பியானோவில் செலஸ்டின் வாசித்த நான்கு ஆவர்த்தனம், ஒரு அசைவும் பிசகாமல், அவள் வயலினில் திரும்பி வந்தது.

ட்ரம்ஸ் நின்றது.

"அக்கா, அவர் வாசிச்சது எங்களுக்கே கேட்டுச்சு. உங்களுது எப்போ?" என்றான் இன்பா, ட்ரம்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே.

பாஸ் கிடார் வாசிக்கும் பெண் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

அவளும் சிரித்தாள். வயலின் வில்லைத் தாழ்த்திக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடம் கச்சேரிகளில் பக்கவாத்தியம். பாடகர் ஒரு பிடி பாடுவார். அதை அப்படியே வயலினில் திருப்பித் தர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தனியாக ராகம் வாசிக்கக் கிடைக்கும் சில நிமிடங்களிலும், பாடகர் போன வழியிலேயே போய்த் திரும்பிவிடுவாள்.

நன்றாக வாசித்தால் பாடகர் லேசாகத் தலையசைப்பார். அது போதுமாக இருந்தது.

செலஸ்டினிடம் ஜாஸ் கற்கத் தொடங்கி எட்டு மாதம். ஸ்கேல்கள் விரலில் ஏறிவிட்டன. முதல் அடியில் தட்டியே பழகிய காலை, இரண்டிலும் நான்கிலும் தட்டப் பழக்கியாயிற்று. பன்னிரண்டு ஆவர்த்தன ப்ளூஸ் தூக்கத்திலும் வரும்.

இந்த இடம் மட்டும் வரவில்லை. நான்கு ஆவர்த்தனம் பியானோவுக்கு, நான்கு வயலினுக்கு. மாறி மாறி. அவர் ஒன்று சொல்ல, அவள் வேறொன்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மேடை. இன்றும் வராவிட்டால் வயலின் இல்லாமலே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளேதான் சொல்லியிருந்தாள். சொன்ன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

செலஸ்டின் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு விரலைச் சொடுக்கி வேகம் கொடுத்தார்.

அவள் வில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதலில் அவருடைய நான்கு.

அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ட்ரம்ஸ் போய்க்கொண்டிருந்தது. பாஸ் நடந்துகொண்டிருந்தது. மேலே ஒன்றுமில்லை. இன்பா நிமிர்ந்து பார்த்தான். அவர் கண்ணை மூடியிருந்தார், ஜெபத்தில் இருப்பவரைப் போல.

ஒன்று. இரண்டு.

மறந்துவிட்டாரா?

மூன்று.

அந்த வெற்றிடம் தனக்குத் தரப்பட்டது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

நான்கு.

அவள் முறை. திருப்பித் தர எதுவும் இல்லை.

வில் இறங்கியது. ஒரு சுரம்.

அது எங்கே போகும் என்று பார்க்க, இன்னொன்று.

மூன்றாவது இடறியது. இடறிய இடம் பிடித்திருந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றாள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்று இருந்தது.

அதற்குள் நான்கும் முடிந்துவிட்டது.

வில்லைத் தூக்கினாள். இனி அவர் முறை. பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அவர் பியானோவைத் தொடவில்லை. நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பி, கதை கேட்கும் பிள்ளையைப் போல முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.