மாய்ரா வண்டி

"சேட்ஜி, பின்சக்கரத்துல காத்தே இல்லையே!"

டீக்கடைக்காரர் சொன்னதும், டீ கிளாஸை வாயில் வைக்கப்போன கேவல்சந்த் அப்படியே எழுந்துவிட்டார். அவர் பெண்டாட்டி சுகனி வாட்சைப் பார்த்தாள்.

மணி ஏழரை. பலோடி தாண்டிய பாலைவன ரோடு. தை மாசக் குளிர் எலும்பைக் குடைந்தது.

போக்ரானுக்கு அந்தப் பக்கம், தங்கை பாதாமி மகளுக்குக் கல்யாணம். பதினோரு மணிக்கு மாய்ரா. தாய்மாமன் சீரோடு போய் வாசலில் நின்று, தங்கை தலையில் சிவப்புத் துணி போர்த்த வேண்டும். அண்ணன் வராவிட்டால் அவள் புகுந்த வீட்டில் தலைதூக்க முடியாது.

அண்ணன் தங்கைக்குள் ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை. போன வாரம்தான் கேவல்சந்தே போன் போட்டு, "நான் வர்றேன் பாதாமி" என்றார். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் ராத்திரி ஒரு மணிக்கே ஜெய்ப்பூரில் வண்டியைக் கிளப்பியது.

"ஸ்டெப்னியை எடுங்க!" என்றாள் சுகனி.

"சீர்ப் பெட்டிக்கு இடம் பத்தலன்னு வீட்டுலயே கழட்டி வச்சுட்டேனே."

"ரொம்ப நல்லது. தலையையும் கழட்டி வச்சிருந்தா இன்னும் ரெண்டு புடவை கொண்டாந்திருக்கலாம்!"

டீக்கடையும் பஞ்சர் கடையும் ஒன்றாய் நடத்துகிற ரூபாராம் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார்.

"காத்து மிஷின் குளிர்ல விறைச்சுக் கிடக்கு. வெயில் ஏறினாத்தான் கிளம்பும். சேட்ஜி, நீங்க இப்படிச் சாயுங்க."

கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கம்பளியும் கொடுத்தார். ரெண்டு நிமிஷத்தில் கேவல்சந்த் குறட்டை.

போன் அடித்தது. சுகனி எடுத்தாள். நாத்தனார் பாதாமி.

"பாபி, எங்க வர்றீங்க? மாமியார் இப்பவே கேட்டுட்டாங்க... 'உங்கண்ணனுக்கு வழி தெரியலையா, மனசு வரலையா'ன்னு."

"வந்துட்டே இருக்கோம் பாதாமி பாயி." சுகனி சமாளித்தாள்.

போனை வைத்ததும் நேரே ரூபாராமிடம் போனாள். "ரோட்டுல ஆணியைப் போடறதே உங்க ஆளுங்கதானே? எங்க ஊர்லயும் பாத்திருக்கேன்."

அவர் அடுப்பை ஊதியபடி, அக்கா முறை சொல்லிக் கேட்டார். "இன்னொரு டீ போடட்டா ஜீஜி?"

"அதை உன் மிஷின் வாயில ஊத்து. அதாவது சூடாகட்டும்!"

எட்டு. எட்டே கால். சுகனி ரோட்டையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். போய்க் கெஞ்சக்கூட அங்கே வேறு கடை இல்லை.

எட்டரைக்குப் புருஷனை எழுப்பப் போனாள். ரூபாராம் குறுக்கே வந்து நின்றார்.

"மிஷின் கிளம்பாம அவரை எழுப்பி என்ன செய்யப் போறீங்க?"

"ஒரு பொண்ணு மானம் போகுதய்யா! நீ கூடப் பொறந்தவங்க இல்லாம வளர்ந்தவனா?"

அவர் நகரவில்லை.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம். ரூபாராம் போய் மிஷின் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார். முதல் இழுப்பிலேயே மிஷின் படபடவென்று ஓடியது. பத்து நிமிஷத்தில் சக்கரம் வண்டியில் ஏறிவிட்டது.

கேவல்சந்த் முகம் கழுவிக்கொண்டு, "தலை பாரமெல்லாம் போயிடுச்சு சுகனி!" என்று சிரித்தபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

சுகனி பர்ஸைத் திறந்தாள். "எவ்வளவு?"

"ஒண்ணும் வேணாம்."

"எது குத்துச்சு? எடுத்த ஆணியைக் காட்டு, பாப்போம்!"

ரூபாராம் அவளை ரோட்டோரம் நாலு எட்டு கூட்டிப்போனார். மணலில் கார் இறங்கி ஏறிய தடம். அதற்கு ஒரு சாண் தள்ளி, பாலத்துப் பள்ளம்.

"உங்க வண்டித் தடம். நான் பால் வாங்கிட்டு உங்க பின்னாடியே வந்த வழியில இன்னும் ரெண்டு எடத்துல இப்படித்தான் இருக்கு. பிரேக் பிடிச்ச தடமே இல்ல. தானா இறங்கி, திடுக்குனு ஏறியிருக்கு. எங்கப்பா போலீசுக்குத் தடம் பாத்துச் சொன்னவர். முழிச்சிருக்கிறவன் ஓட்டுற வண்டி இப்படி இறங்காது ஜீஜி."

சுகனி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அவளும்தான் போர்வைக்குள் தூங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்ப... பஞ்சர்?"

"காத்தைப் பிடுங்கிவிட்டது நான்தான். தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோற அண்ணன்கிட்ட 'கொஞ்சம் தூங்கிட்டுப் போங்க'ன்னு சொன்னா கேட்பாரா?"