எந்தக் காலில் நொண்டுவது?

கழுதைக்கு ஒரு வருடமாக இடுப்பு வலி. வெளியே காயம் எதுவும் தெரியாது. மலைமேல் மூட்டை சுமப்பதிலிருந்து விடுப்பு வேண்டுமென்றால் வைத்தியர் ஆட்டுக்கிடாவிடம் சீட்டு வாங்க வேண்டும். கழுதை நொண்டிக்கொண்டே போனது.

"போன வாரம் இடது கால், இன்னைக்கு வலது காலா?" என்றது கிடா.

"ஐயா, நொண்டறது நடிப்புதான். வலி நிஜம். வலிக்குதுன்னு வெறுமனே சொன்னப்போ நீங்க சிரிச்சீங்க. அதனாலதான் நொண்ட ஆரம்பிச்சேன்."

"நான் எங்கே சிரிச்சேன்? என் முகமே அப்படித்தான்."

"எனக்கு எப்படித் தெரியும்? வலி வந்ததுலேர்ந்து எல்லா முகமும் அப்படித்தான் தெரியுது."

"நடிப்புன்னு நீயே ஒத்துக்கிட்டே" என்று சொல்லி, கிடா எழுத எடுத்த விடுப்புச் சீட்டைத் தின்றுவிட்டது. கழுதை மூட்டையோடு மலை ஏறியது.

மழைக்காலத்தில் கிடாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. விடுப்புக் கேட்க மேலதிகாரி யானையிடம் போகும் வழியில் கழுதையிடம் வந்து நின்றது.

"கழுத்து வலிக்கு எந்தக் கால்ல நொண்டணும்?"

கழுதை அதன் முகத்தை உற்றுப் பார்த்தது.

"எந்தக் கால்னாலும் சரி, கடைசிவரைக்கும் அதே காலா இருக்கட்டும். முகத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக்குங்க ஐயா, சிரிக்கிற மாதிரியே இருக்கு."