நான்காவது புளியங்கொட்டை

காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு தையற்கடையின் பின்னறை. ஞாயிறு பிற்பகல். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வாசலில் வெளுத்துச் சலசலக்கின்றன. குடியை விட நினைப்பவர்கள் வாரந்தோறும் இங்கே கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு ஞாயிறு தெருமுனை வரை வந்து திரும்பிப் போன பொன்னுதுரை இன்று உள்ளே கால் வைக்கிறான். வைத்த கால் அப்படியே நின்றுவிடுகிறது. பெஞ்சில் ஆறு ஆண்களுக்கு நடுவே, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் மனைவி பூங்காவனம். கோயிலில் பூக்கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள். குடிக்காமல் கடத்திய ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பால் டின்னில் போடுவது இவர்கள் வழக்கம். அவள் நான்காவதைப் போடுகிறாள். அந்தச் சிறு சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. தலை நிமிராமலே பேசுகிறாள். "சின்னவன் பொறந்தப்ப, பச்ச ஒடம்புக்கு நல்லதுன்னு மருத்துவச்சி பிராந்தி குடுத்தாங்க. அப்புறம் விட முடியல. எங்க வீட்டுக்காரரு போத்தல்லேர்ந்து எடுத்துக்குவேன். கொறஞ்சிருக்கேன்னு கேட்டா, 'நீங்கதான் குடிச்சீங்க, ஞாபகம் இல்லியா'ன்னுடுவேன்." சொல்லிவிட்டு நிமிர்கிறாள். நிலைப்படியில் அவன். தையல் இயந்திரத்தின் மேல் ஒரு கோப்பைத் தேநீர் ஆடை கட்டிக் கிடக்கிறது. ஓரத்தில் இருப்பவர் ஓசையில்லாமல் நகர்ந்து பெஞ்சில் இடம் விடுகிறார். பொன்னுதுரை உட்காரவில்லை. குடித்தது கூட நினைவில் தங்காத அளவுக்குத் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துதான் அவன் இங்கே வந்திருக்கிறான்.