இடப்பக்க மட்கார்டு

"கௌரவத்தோட வெல ஆயிரத்து ஐநூத்து எம்பது வெள்ளி, அண்ணே. நாலு சக்கரம் இனாம்!"

இதைச் சொல்லும்போது காரின் மூக்கைத் தடவிக் கொடுப்பது தம்புசாமியின் வழக்கம். கோலாலம்பூர் பத்து ரோட்டிலிருந்த மோட்டார் கார் கடையில் மூன்று வருஷமாக இதே வசனம்தான். ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில், வசனம் முடிவதற்குள் ஆட்கள் மடியை அவிழ்த்தார்கள்.

இப்போது ரப்பர் விழுந்து கிடந்தது. காரும் நின்று கிடந்தது. "சனிக்கிழமைக்குள்ள இந்த வண்டி போகணும். இல்லன்னா நீ போகணும் லா" என்று முதலாளி தவுக்கே காலையில்தான் சொல்லியிருந்தார்.

இந்த மாதம் தம்புசாமி விற்றது ஒரே ஒரு மட்கார்டு. வாங்க வந்த கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர், பேரமே பேசவில்லை. பேரம் பேசாதவனிடம் சரியான விலை சொல்வது தொழிலுக்கே பாவம். ஒன்றுக்கு இரண்டாகப் பில்லில் போட்டு, மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டான். இந்த மாத வீட்டு வாடகை அதில்தான் நிமிர்ந்தது.

அதனால்தான் பக்கிரிசாமி என்ற அந்தப் புது ஆள் கடைக்குள் நுழைந்ததும் அவன் காதில் கோயில் மணி கேட்டது. உடம்புக்குக் கொஞ்சம் தொளதொளத்தாலும் நல்ல கறுப்புக் கோட்டு. கக்கத்தில் குடை. வழுவழுவென்று மொட்டைத்தலை. பந்திங் பக்கத்துத் தோட்டம் என்றார். கங்காணியாகத்தான் இருக்க வேண்டும். ஊரே பஞ்சத்தில் கிடந்தாலும் கங்காணி முடிச்சில் காசு இருக்கும்.

"பத்துமலைக்கு முடி குடுத்துட்டு வரீங்களாண்ணே? முருகன் நேரா இங்க அனுப்பிட்டாரு பாருங்க!"

பக்கிரிசாமி குடையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். தைப்பூசம் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மீசையையும் சேர்த்து எடுத்திருந்தார். மொட்டையில் சந்தனம் மட்டும் இல்லை. வெயிலில் வழிந்திருக்கும் என்று தம்புசாமி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"கிள்ளான் கடையில எம்பது வெள்ளி கொறச்சுச் சொல்றாங்க" என்றார் பக்கிரிசாமி. "இங்க பாசாரு சந்தைகிட்ட இருக்குற கடையில நூறு."

"அவனுங்க விக்கிறது வண்டியாண்ணே? தகர டப்பா லா அது! மழை பேஞ்சா மத்தளம் அடிக்கும்." தம்புசாமி குரலைத் தாழ்த்தினான். "சரி, நீங்க நம்மாளு. நூத்துப்பத்து கொறைக்கிறேன். தவுக்கேகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிறேன்."

பக்கிரிசாமி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே உட்காரச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

"வண்டி வெல சரி. நாளைக்கு ஒடஞ்சா சாமான் வெல என்ன?"

தம்புசாமி மனத்துக்குள் கும்பிட்டான். இதுவல்லவோ வியாபாரி! வாங்காதவன் வண்டி விலை கேட்பான். வாங்குகிறவன்தான் சாமான் விலை கேட்பான்.

"டயரு பதினெட்டு. வெளக்கு பதினாறு."

"இது?" இடப்பக்க மட்கார்டின் மேல் கையை வைத்தார் பக்கிரிசாமி. வைத்தவர் எடுக்கவில்லை.

"இருபத்திரெண்டு. ஒரு காசு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஆனா அது எங்கண்ணே வளையப் போவுது? எரும வந்து முட்டினாத்தான் உண்டு!"

தம்புசாமி சிரித்தான். பக்கிரிசாமி சிரிக்கவில்லை.

"மத்த ரெண்டு கடையிலயும் இருபத்திரெண்டுதான் சொன்னாங்க. எழுதிக் குடுங்க தம்பி. கையெழுத்துப் போட்டு."

எழுதிக் கேட்கிறவன் முன்பணம் தராமல் போகமாட்டான். தம்புசாமி கடைப் பெயர் அச்சடித்த தாளில் வண்டி விலையிலிருந்து மட்கார்டு விலைவரை எழுதி, தேதி போட்டு, வளைத்து நெளித்துக் கையெழுத்தும் போட்டான்.

பக்கிரிசாமி அதை வாங்கி மேசைமேல் வைத்தார். கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தார். அதே கடைப் பெயர். அதே நெளிந்த கையெழுத்து. போன வாரத் தேதி. இடப்பக்க மட்கார்டு ஒன்று, நாற்பத்தெட்டு வெள்ளி.

தம்புசாமி தாளின் மேல் குனிந்தான். "இது... தோட்டத்துத் துரை வண்டிக்கு எழுதின பில்லு. ஒங்ககிட்ட எப்படிண்ணே?"

"கணக்கு சுத்தமா இருக்கணும்னு கிராணி குடுத்தாரு."

அவர் கோட்டைக் கழற்றிக் கவனமாக மடித்தார். உள்ளே கிடந்த சட்டையில் கறுத்துப்போன ரப்பர்ப்பால் கறை. "இது எரவல் கோட்டு. வண்டி வாங்குறவனுக்குத்தான் நீங்கள்லாம் நெஜ வெல சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன்."

பின்கட்டிலிருந்து தவுக்கே எட்டிப் பார்த்தார். தம்புசாமி அவசரமாகக் கிசுகிசுத்தான்: "காசு கட்டினது துரை. ஒங்களுக்கு இதுல என்னண்ணே நட்டம்?"

பக்கிரிசாமி இரண்டு தாள்களையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார்.

"துரை வண்டி ஏறுனது எம் பையன் மேல. உசுருக்கு அம்பது வெள்ளின்னு தோட்டத்து ஆபீசுல எழுதுனாங்க. அவன் மோதித்தான் மட்கார்டு வளஞ்சுச்சாம். நாப்பத்தெட்டப் புடிச்சுக்கிட்டு ரெண்டு வெள்ளிய கையில குடுத்தாங்க."

மொட்டைத்தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"மிச்சம் இருபத்தாறு ஒங்ககிட்ட நிக்கிது, தம்பி."