பக்கத்து வீட்டுத் தொம்

அந்தத் தெருவில் வீடு கிடைப்பதே பெரிய விஷயம். அதிலும் இவ்வளவு விசாலமான கூடம், தவில் அடித்தாலும் சண்டைக்கு வராத அக்கம்பக்கம். நிபந்தனை ஒன்றுதான்: கலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது, அவரவர் வீட்டில் அவரவர் கலை மட்டும். யாராவது அதை மீறுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டு எச்சரிப்பது, பேசத் தெரிந்த அந்த வீட்டின் வேலை.

அன்று மாலை வீடு பணிவாகச் சொன்னது: "அம்மா, உள்ரூம்ல சாரங்கி கேக்குது. இது தவில் வீடு. இன்னொரு தடவை கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

அமிர்தவல்லி உள்ளே போனாள். மகள் தேன்மொழியின் மடியில் ஒரு பழைய சாரங்கி.

"யாருடி குடுத்தா?"

"பக்கத்து சாரங்கி வீட்டு இர்ஃபான், அம்மா."

"திருப்பிக் குடுத்துடு. இதை விட்டா நமக்குப் போக்கிடம் இல்ல."

சொல்லிவிட்டு பால்கனிக்கு வந்தாள். பக்கத்து பால்கனியில் இர்ஃபான், தன் வீட்டுக்குக் கேட்காதபடி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தவில் சொற்கட்டைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். ததிகிண... தொம். ததிகிண... தொம். கடைசித் தொம்முக்கு முன்னால் ஒரு மூச்சு. அந்த மூச்சுக்காகத் தேன்மொழியை அவள் எத்தனை முறை திட்டியிருப்பாள்!

பிறகு கூடத்துக்கு வந்து, விரல்களில் கூடு மாட்டி, தவிலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தேனு, நான் அடிக்கிற வரைக்கும் வீட்டுக்கு வேற எதுவும் கேக்காது. சீக்கிரம் சாரங்கிய எடுத்து வாசி."

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி ஓங்கி அடித்தாள், நடுவில் மூச்சு விடாமல்: ததிகிணதொம்.