நடுங்காத கோடு

திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் எல்லோர் முகத்திலும் கணினித் திரையின் நீல வெளிச்சம். கண்ணின் அசைவைக் காட்டும் கோடு காலைவரை அதில் புழுவாய்த் துடித்தது. இப்போது பொறியாளரான தங்கை எழுதிய வடிகட்டி நிரல், போன நொடியின் அளவுகளைக் கொண்டே அடுத்த நொடியையும் நிரவிவிடுகிறது. துடிப்பெல்லாம் அடங்கி, கோடு இழுத்துக் கட்டிய நூல்போல ஓடுகிறது.

“அடேங்கப்பா! நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்மா,” என்கிறார் மேலாளர். கைதட்டுகிறார்கள். தங்கைக்கு வாயெல்லாம் பல்.

“என்னடி, யாருக்குக் கைதட்டுறீங்க?”

சோதனைக்குக் கண் காட்ட வந்த அக்கா, ஈரக் கைக்குட்டையோடு கதவோரம் நிற்கிறாள். “கண்ணு எரிஞ்சுது. முகம் கழுவிட்டு வரேன்னு சொன்னேனே, காதுல விழலையா?”

தங்கை திரும்புகிறாள். கண்ணைப் படிக்கும் கருவியின் சிவப்பு ஒளி, அக்கா உட்கார்ந்திருந்த காலி நாற்காலிக்கு மேலே வெறும் காற்றில் நிற்கிறது. திரையில் கோடு கொஞ்சமும் பிசகாமல், அழகாக ஓடுகிறது. கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்கிறது.

“அப்ப இது யாரோட கண்ணும்மா?” மேலாளர் மெதுவாகத்தான் கேட்கிறார். தங்கை விசைப்பலகையின் மேல் குனிந்துகொள்கிறாள். காது மடல் கொதிக்கிறது. அக்கா அவள் தோளருகே வந்து கிசுகிசுக்கிறாள்: “என்னாலதான் கெட்டுப்போச்சா? மறுபடி உக்காரவா? இந்தத் தடவை எரிஞ்சாலும் எழுந்திரிக்க மாட்டேன்டி.”