‘புது’ என்ற அட்டை

தொழிற்சாலை வாசலில் பார்வையாளர் அட்டை அச்சடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. கம்ப்யூட்டரில் புரோகிராமின் பெயரை அடித்து, அதே வரியில் வருபவர் யாரென்றும் அடித்தால் அட்டை வரும். இரண்டு சொல் என்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை அவசரத்தில் குறி போடாமல் புது மெக்கானிக் என்று அடித்துவிட்டேன். ‘புது’ என்று ஓர் அட்டை, ‘மெக்கானிக்’ என்று ஓர் அட்டை. வந்தவர் ஒருவர்தான். அவருக்கு இரண்டாவதைக் கொடுத்துவிட்டு, முதலாவதைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மாலையில் அட்டைகளைத் திருப்பிப் போடும் பெட்டியில் இரண்டும் கிடந்தன. வாசல் பதிவேட்டின்படி ‘புது’ காலை 9.10க்கு உள்ளே போய், மாலை 5.40க்கு வெளியே வந்திருந்தது. அதன் கயிறு வியர்வையில் நனைந்திருந்தது.

“இதை யாரு போட்டா?” என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

“நீங்க அனுப்பின ஆளுதான் மேடம். பாவம், சாப்பிடக்கூட உட்காராம வேலை செஞ்சாரு.”

விடுவேனா? அந்த அட்டையைக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டிப் போட்டேன். ஒரே தடவையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் அடித்தால் அச்சடிக்காமல் நின்றுவிடும்படி புரோகிராமையும் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மேற்கோள் குறிக்குள் ‘புது மெக்கானிக்’ என்று நிதானமாக அடித்தேன். ஒரே அட்டை வந்தது. மெக்கானிக் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பாடா என்றிருந்தது.

வாட்ச்மேன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“நேத்து வந்தவரு மறுபடி வந்திருக்காரு மேடம்.”

“அப்படி யாரும் கிடையாது. திருப்பி அனுப்புங்க.”

“யாரைன்னு அனுப்புறது? இன்னிக்கு ரெண்டு பேரா நிக்கிறாரு. ஆளுக்குப் பாதி கார்டு வச்சிருக்காங்க.”